மலை எங்களது, சைஸ் எக்ஸ்எல்

மகுடேஸ்வரன் பஞ்சாங்கம் பார்க்காமல் பல்கூடத் தேய்க்க மாட்டார் என்று வீரபாண்டியில் சொல்வார்கள். அது மிகை. பல் தேய்ப்பார். ஆனால் தன் பனியன் கம்பெனியிலிருந்து சரக்கு வெளியே போவதற்கும், வெளியாள் உள்ளே வருவதற்கும் நாள் பார்த்தே தீருவார். அந்த வாரம் திங்கட்கிழமை கரிநாள். செவ்வாயில் அவர் ஊசிகூட வாங்குவதில்லை. வியாழன் அஷ்டமி, வெள்ளி நவமி. சனிக்கிழமை தூத்துக்குடியில் கப்பல். மிச்சம் இருந்தது புதன் ஒன்றுதான். ஆகவே, "இன்ஸ்பெக்சனுக்கு எப்ப வரட்டுங்க?" என்று போனில் கேட்ட முதல் ஆளிடம், "புதன்கிழமை வாங்க" என்றார். மறுநாள் அதே கேள்வியைக் கேட்ட இன்னொரு ஆளிடமும் அதையே சொன்னார். இரண்டு பேரிடமும் மனசாரத்தான் சொன்னார்.

இப்படித்தான், ஒருவர் தலையில் ஒருவர் குண்டு போட்டுக்கொண்டிருந்த இரண்டு நாடுகள் ஒரே புதன்கிழமை வீரபாண்டிக்கு வந்து சேர்ந்தன.

நாடுகளின் பெயர் வேண்டாம். சொன்னால் வாசிக்கிறவர் ஏதாவது ஒரு பக்கம் போய் உட்கார்ந்துகொள்வார். கம்பெனியில் யாருக்கும் அந்தப் பெயர்கள் வாயில் நுழையவும் இல்லை. ஒன்று ஆரஞ்சு, இன்னொன்று நீலம். டி-சர்ட்டின் நிறம் அது.

ஃப்ளோர் இன்சார்ஜ் தவசிக்கு இந்தச் செய்தி செவ்வாய்க்கிழமை காலையில் வந்தது. கமுதிப் பக்கத்து ஆள். இளவட்டத்தில் திருப்பூருக்குப் பஸ் ஏறி, துணி மடித்து, தைத்து, பிசிறு வெட்டி, எல்லாரிடமும் திட்டு வாங்கி, கடைசியில் திட்டுகிற இடத்துக்கு வந்து சேர்ந்தவன். செய்தியைக் கொண்டுவந்தது மெர்ச்சண்டைசர் தரணி. சரக்கு வாங்குகிற வெளிநாட்டுப் பையர்களோடு பேசுவதும், அவர்கள் திட்டுவதை இதமாக மொழிபெயர்த்துச் சொல்வதும் அவள் வேலை. லேப்டாப்பைக் கைக்குழந்தை மாதிரி இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஓடி வந்தாள்.

"தவசிண்ணா, நாளைக்கு ரெண்டு க்யூசியும் வர்றாங்கண்ணா."

"ரெண்டு பேருமா? ஒரே நாள்லயா?"

"மொதலாளி ரெண்டு பேத்துக்கும் புதன்கிழமையக் குடுத்துப்போட்டாருங்கண்ணா."

க்யூசி என்றால் பையருக்காகச் சரக்கின் தரம் பார்த்துக் கையெழுத்துப் போடுகிற ஆள். தன் சரக்கு தைக்கிற இடத்தில் நீல நாட்டுச் சரக்கு ஒரு பீஸ் இருந்தாலும் மொத்த ஆர்டரும் ரிஜெக்ட் என்று ஆரஞ்சுப் பையர் சொல்லியிருந்தார். நீலப் பையரும் அதையே சொல்லியிருந்தார், ஆரஞ்சு என்ற இடத்தை மட்டும் மாற்றி. மகுடேஸ்வரன் இருவரிடமும் "செரிங்க" என்றிருந்தார். யாரிடமும் இல்லை என்று சொல்லி அவருக்குப் பழக்கமில்லை. இரண்டு சரக்குக்கும் ஒரே மில் நூல், ஒரே நிட்டிங். சாயப்பட்டறை வாசல் வரைக்கும் அண்ணன் தம்பியாகப் போன துணி, அங்கேதான் ஆரஞ்சு என்றும் நீலம் என்றும் பிரிந்தது.

டி-சர்ட்டின் நெஞ்சுப் பக்கம் புரியாத பாஷையில் பெரிய எழுத்தில் அச்சடித்திருந்தது. என்ன எழுதியிருக்கிறது என்று தரணி போனில் காட்டி மொழிபெயர்த்துச் சொல்லியிருந்தாள். ஆரஞ்சில்: "மலை எங்களது." நீலத்தில்: "மலை எங்களது."

"அந்த மலையில அப்பிடி என்னதான் இருக்காம்?" என்று அன்றைக்கே தவசி கேட்டான்.

"ஒண்ணுமில்லீங்கண்ணா. போட்டோ பாத்தேன். பாறைங்க. ஒரு வெள்ளாடு நிக்குது."

"ஆடு எந்த நாடு?"

தரணி போனில் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

மாடியறையில் மகுடேஸ்வரன் பதற்றமில்லாமல் உட்கார்ந்திருந்தார். பதற்றம் அவர் குடும்பத்திலேயே கிடையாது. "பாருங்க தவசி, இந்த ரெண்டும் போகலீனா அவ்வளவுதானுங்க. ஆன்லைன் கம்பெனிக்காரன் குடோனுக்குப் பில்டிங்கு கேட்டுட்டே இருக்கறான். மிசினெல்லாம் வித்துப்போட்டு, கட்டடத்த வாடகைக்கு உட்டுப்போட்டு, நான் ஊட்டுல உக்காந்து டிவி பாக்கறனுங்க."

"அப்ப நாங்க, மொதலாளி?"

"நீங்களும் வாங்க. பாக்கலாம்."

அவர் கேலி செய்யவில்லை. டிவி பெரியதுதான். ஆனால் தவசிக்கு நாற்பத்தாறு வயது. இங்கிலீஷ் வராத நாற்பத்தாறு வயது இன்சார்ஜை வேறு கம்பெனிக்காரன் வாட்ச்மேன் வேலைக்குத்தான் கூப்பிடுவான். அவன் பெண்டாட்டி முத்துப்பேச்சியும் இதே ஃப்ளோரில் ஒரு தையல் லைனைப் பார்த்துக்கொள்கிறாள். கம்பெனி மூடினால் ஒரே நாளில் இருவரும் ரோட்டில்.

"ஒருத்தருக்கு நாளை மாத்திச் சொல்லிருங்க மொதலாளி."

"வேற நாளு இல்லீங்களே" என்று மகுடேஸ்வரன் காலண்டரைப் பார்த்தார். அவர் சொன்னது அவரளவில் உண்மை.

ஆகவே தவசி திரை கட்டினான்.

ரிஜெக்ட் ஆகிக் கிடந்த வெள்ளைத் துணியை எல்லாம் ஓவர்லாக் மிசினில் கொடுத்து ஒன்றாக அடித்து, ஃப்ளோரின் நடுவே கூரைக் கம்பியிலிருந்து தரை வரைக்கும் தொங்கவிட்டான். மிசின் மெக்கானிக் ஆத்தப்பன் ஏணியில் நின்று கட்டினான். இந்தப் பக்கம் முத்துப்பேச்சியின் லைன், நீலம். அந்தப் பக்கம் அனுசுயாவின் லைன், ஆரஞ்சு. அனுசுயா முத்துப்பேச்சிக்கு அடுத்த வீட்டுக்காரி. இருவரும் ஒரே பஸ்ஸில் வந்து, ஒரே டப்பாவில் சாப்பிடுகிறவர்கள். சதீஷ்குமார் என்கிற ஆரஞ்சு க்யூசியை முன் கேட் வழியாகவும், முனீஸ் என்கிற நீல க்யூசியைப் பின் கேட் வழியாகவும் கூட்டிவந்து, வேலையை முடித்து அனுப்பிவிடுவது திட்டம். உள்ளே வருகிறவனுக்குத் தன் நிறம் மட்டும்தான் கண்ணில் படும்.

திரை ஏறிய பிறகுதான் தெரிந்தது, தண்ணிக் கேன் ஆரஞ்சுப் பக்கம் போய்விட்டது. பெண்கள் கக்கூஸ் நீலப் பக்கம் நின்றுவிட்டது.

மதியச் சாப்பாட்டுக்குள் எல்லைப் பிரச்சினை வந்தது. முத்துப்பேச்சி பாட்டிலோடு திரையை விலக்கினாள்.

"அக்கா, தண்ணி வேணும்னா சொல்லிட்டு வரணும். இது எங்க ஏரியா" என்றாள் அனுசுயா. பாதி விளையாட்டுதான்.

"ஏரியாவா? அடியே, காலைல பஸ்ஸுல எம்மேல சாஞ்சு தூங்கிட்டு வந்தவதானடி நீ!"

"அது காலையிலக்கா."

"சரி. சாயந்தரத்துக்குள்ள உனக்கும் ஒண்ணுக்கு வரும்ல? அப்பப் பேசிக்கிறேன்."

அந்தப் பாதி விளையாட்டும் அங்கே தீர்ந்தது. கொஞ்ச நேரத்தில் கக்கூஸ் கதவுக்கு முன்னால் நீலப் பக்கத்துப் பெண் ஒருத்தி ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டாள். தவசி நடுவே நின்று ஒப்பந்தம் பேசினான். ஒரு பாட்டில் தண்ணீருக்கு ஒரு ஆள் கக்கூஸ் போகலாம். இரு தரப்பும் ஏற்றுக்கொண்டன, இரு தரப்பும் ஏமாந்ததாக நினைத்தன. திரையைத் தாண்டித் தாண்டி ஊசி மாற்றிக்கொண்டிருந்த ஆத்தப்பனை இரண்டு பக்கமும் சந்தேகப்பட்டார்கள். "அங்கிட்டுன்னா உடனே ஓடுற, எங்க மிசினுன்னா ஆயில் இல்லங்கிற." ஆத்தப்பன் ஸ்க்ரூடிரைவரைத் தூக்கிக் காட்டி, "ஏனுங்க, ஊசிக்கு என்னங்க நாடு?" என்று கேட்டான். அவனுக்கு இரண்டு பக்கத்திலும் டீ கிடைக்கவில்லை. அயர்னிங்கில் நின்ற பீகார்ப் பையன்களுக்கு இந்தத் தகராறு எதுவும் புரியவில்லை. அவர்கள் எந்தப் பக்கம் ஃபேன் நன்றாக ஓடுகிறதோ அந்தப் பக்கம் சேர்ந்தார்கள். உலகத்தில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் சேர்கிறார்கள், பிறகு அதற்குக் கொள்கை என்று பெயர் வைக்கிறார்கள்.

புதன்கிழமை திட்டம் முதல் அரை மணி நேரம் நன்றாக நடந்தது. சதீஷ்குமார் முன் கேட்டில் வந்தான். அவிநாசிக்காரன். ஆரஞ்சுப் பையருக்காக இங்கே சரக்குப் பார்க்கிறவன். நெஞ்சில் கை வைத்து, தலையைச் சாய்த்து, புரியாத ஒரு வார்த்தையில் தவசிக்கு வணக்கம் சொன்னான். அது அந்த நாட்டு வழக்கமாம். போனில் சாமி படம் இருக்க வேண்டிய இடத்தில் அந்த மலை இருந்தது. ஆடு இல்லை. முனீஸ் பின் கேட்டில் வந்தான். அருப்புக்கோட்டைக்காரன். அவன் இரண்டு கையையும் நெஞ்சில் வைத்து வேறு ஒரு வார்த்தை சொன்னான்.

இருவரும் திரைக்கு இரண்டு பக்கமும் மேசை போட்டு உட்கார்ந்து, பெட்டியிலிருந்து பீஸ்களை உருவி அளக்க ஆரம்பித்தார்கள். தவசி திரையின் முனையில் நின்று, ஒரு கண்ணால் இந்தப் பக்கமும் ஒரு கண்ணால் அந்தப் பக்கமும் பார்த்துக்கொண்டிருந்தான். சதீஷ்குமாருக்கு அளவை வாய்விட்டுச் சொல்கிற பழக்கம் இருந்தது.

"செஸ்ட், இருபத்திரண்டரை."

திரைக்கு அப்பால் அளவு டேப் நின்றது.

"லெங்த், இருபத்தொம்போது."

"ஏய்," என்றது முனீஸின் குரல். "யார்றா அது, சதீஸா?"

திரை விலகியது. அனுப்பர்பாளையத்தில் ஒரே ரூமில் இருந்து, ஒரே நல்ல சட்டையை மாற்றி மாற்றிப் போட்டு இண்டர்வியூவுக்குப் போனவர்கள் அவர்கள். இப்போது ஒருவன் நெஞ்சில் ஆரஞ்சு பேட்ஜ், மற்றவன் நெஞ்சில் நீல பேட்ஜ். ஒருவனுக்குப் பின்னால் அடுக்கியிருந்த பெட்டிகளை மற்றவனும் பார்த்துக்கொண்டான்.

"ரிஜெக்ட்டுங்க" என்றான் சதீஷ்குமார்.

"எனக்கும் ரிஜெக்ட்டு" என்றான் முனீஸ்.

தவசி இருவருக்கும் நடுவில் போய் நின்றான். "தம்பி, நில்லுங்கய்யா. ஒங்க ரெண்டு பேரு ஊருக்கும் நடுவுல மலையா இருக்கு? ராத்திரிப் பஸ்ஸுல ஏறுனா விடியறதுக்குள்ள போயிறலாம்."

"உங்களுக்கு ஹிஸ்டரி தெரியாதுங்ண்ணா. ஆயிரம் வருசத்துப் பகைங்க இது" என்றான் சதீஷ்குமார்.

"நீங்க எப்ப வேலைக்குச் சேந்தீக?"

"போன தீவாளிக்குங்க."

முனீஸ் பொறுக்கவில்லை. "எங்க ஆளுகள எம்புட்டுப் பேரக் கொன்னுருக்கானுக தெரியுமாண்ணே இவனுக?"

"எங்க ஆளுகன்னா யாருய்யா? வீட்ல எல்லாரும் சௌக்கியந்தான?"

"வீட்ல எல்லாரும் நல்லாத்தான் இருக்காக" என்றான் முனீஸ், கொஞ்சம் வருத்தமாக.

இருவரும் போனைக் கையில் எடுத்தார்கள். பையருக்கு ஒரு வார்த்தை போனால் கம்பெனி குடோன். அந்த நேரத்தில் மகுடேஸ்வரன் மாடிப்படியில் இறங்கி வந்தார். நடந்ததை யாரும் அவரிடம் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. சாப்பாட்டு நேரம் ஆகியிருந்தது. அவர் வீட்டிலிருந்து சாப்பாட்டோடு தூக்குப்போசிகள் வந்திருந்தன. அவருக்குத் தெரிந்த ஒரே விஷயம் அதுதான்.

"வாங்க வாங்க, எல போட்டாச்சுங்க."

"இல்லீங்க, ஒரு ரிப்போர்ட்டு…" என்று சதீஷ்குமார் இழுத்தான்.

"ரிப்போர்ட்டு எங்கயும் போயிராதுங்க. சந்தகை ஆறிப்போயிரும்."

"சார், நாங்க ரெண்டு பேரும் ஒண்ணா உக்கார முடியாது சார்" என்றான் முனீஸ்.

"ஒருத்தர உட்டுப்போட்டு ஒருத்தர் சாப்புட்டா ஊட்டுக்கு ஆகாதுங்க" என்று சொல்லி, இரண்டு கையிலும் இரண்டு மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு படியேறிவிட்டார். கொங்கு மரியாதைக்கு உருவிக்கொள்ள முடியாத ஒரு பிடி உண்டு. இருவரும் இழுபட்டுப் போனார்கள். பின்னால் தவசியும் தரணியும் ஓடினார்கள்.

நீள மேசையில் வாழையிலை. ஆவி பறக்கிற சந்தகை. அரிசிமாவைப் பிழிந்து நூல்நூலாக எடுத்தது. பக்கத்தில் தேங்காய்ப்பால், வெல்லம், நாட்டுக்கோழிக் குழம்பு. சதீஷ்குமாரும் முனீஸும் எதிரெதிரே, ஒருவர் இலையை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்தார்கள். இரண்டாவது வாயில் சதீஷ்குமாரின் போன் அடித்தது. வீடியோ. எடுத்தான். ஆரஞ்சுப் பையர், கருந்தாடிக்காரர், சரக்கு என்ன ஆயிற்று என்று இங்கிலீஷில் கேட்டார். அவன் வாயில் சந்தகையோடு முழித்துக்கொண்டிருக்கும்போதே முனீஸின் போன் அடித்தது. நீலப் பையர், வழுக்கைத் தலை, மீசைக்காரர். அவரும் அதையே கேட்டார், இன்னும் சத்தமாக.

தாடிக்காரர் பேச்சை நிறுத்தினார். அந்தக் குரல் யாருடையது என்று கேட்டார். மீசைக்காரரும் அதையே கேட்டார். இரண்டு க்யூசியும் போனை மேசைக்கடியில் மறைத்தார்கள். உள்ளேயிருந்து இரண்டு குரல்களும் கத்தின.

"அட, போனுக்குள்ள வெச்சு ஏனுங்க கத்த உடறீங்க?" என்ற மகுடேஸ்வரன், இரண்டு போனையும் வாங்கி, தண்ணீர்ச் சொம்புகளில் ஒன்றுக்கொன்று எதிராகச் சாய்த்து வைத்தார். "மூஞ்சியப் பாத்துப் பேசுனா எல்லாஞ் செரியாப் போயிருமுங்க."

தவசி கண்ணை மூடிக்கொண்டான்.

சண்டை என்றால் அப்படியொரு சண்டை. என்ன பாஷை என்று தெரியவில்லை. ஆனால் தாடிக்காரர் திட்டிய அதே வார்த்தையால் மீசைக்காரரும் திட்டினார். அதே இடத்தில் மூச்சு வாங்கினார்கள், அதே மாதிரி விரலை ஆட்டினார்கள். ஒரே பாஷைக்காரர்கள். இருவரும் அடுத்தவர் அம்மாவைப் பற்றி ஏதோ சொன்னார்கள் என்பது மொழிபெயர்ப்பு இல்லாமலே புரிந்தது. சதீஷ்குமாரும் முனீஸும் சாப்பிடுவதை நிறுத்தி, தத்தம் சொம்புக்குப் பின்னால் விறைப்பாக உட்கார்ந்திருந்தார்கள்.

மகுடேஸ்வரன் மட்டும் பரிமாறிக்கொண்டிருந்தார். அவர் கை இரண்டு போனுக்கும் நடுவே நீண்டு, சந்தகையை இலையில் வைத்து, தேங்காய்ப்பாலை ஊற்றி, வெல்லத்தைத் தூவியது.

தாடிக்காரர் பாதிக் கெட்டவார்த்தையில் நின்றார். இலையைப் பார்த்தார். ஏதோ கேட்டார். மீசைக்காரரும் குனிந்து பார்த்தார். பிறகு இருவரும் தணிந்த குரலில் பேச ஆரம்பித்தார்கள். நடுவில் மீசைக்காரர் சிரித்தார். தாடிக்காரர் ஒரு கையால் மாவு பிழிகிற மாதிரி காட்டி, முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"என்னம்மா ஆச்சு?" என்றான் தவசி.

தரணி அவர்களிடம் இங்கிலீஷில் கேட்டுச் சொன்னாள். "அவங்க ஊட்லயும் இதேதான் செய்வாங்களாமுங்க. ரெண்டு பேர் ஊட்லயும். அந்த மலையில ஒரு மகானோட சமாதி இருக்குதாம்."

"ஆடு மறைச்சிருக்கும்" என்றான் தவசி.

"வருசத்துக்கு ஒருக்கா நோன்பு வருமாமுங்க. அன்னிக்கு மலையேறிப் போயி இதையேதான் பிழிஞ்சு பால் ஊத்திப் படைப்பாங்களாம். ஆரஞ்சு சார் சின்ன வயசுல செவ்வாக்கெழமை நோன்புக்கு ஏறுவாராம். நீல சார் புதங்கெழமை."

செவ்வாய், புதன் என்று தரணியிடம் சொன்ன இடத்தில் இரண்டு பையர்களும் ஒரு நொடி நின்றதைத் தவசி பார்த்திருந்தான். கல்யாண வீட்டில் பழைய பாகப்பிரிவினைப் பேச்சு எழுந்தால் பெரியவர்கள் சட்டென்று ரசம் கேட்பார்களே, அந்த மாதிரி இருவரும் உடனே வேறு பேச்சுக்குப் போனார்கள். வேறு யாரும் அதைக் கவனிக்கவில்லை. தவசி கவனித்தான். பிசிறு எங்கே நிற்கிறது என்று பார்ப்பது அவன் தொழில்.

அதன் பிறகு ஒரே உருக்கம். தாடிக்காரர் தன் பேத்தியைக் கூப்பிட்டுக் காட்டினார். மீசைக்காரர் தன் கடையைச் சுற்றிக் காட்டினார். சதீஷ்குமார் கண்ணைத் துடைத்துக்கொண்டே முனீஸின் இலையில் தன் கோழிக்கால் ஒன்றைத் தூக்கி வைத்தான். "சாப்புடுறா" என்றான். முனீஸ், "அந்தச் சட்டை இன்னும் எங்கிட்டதான்டா இருக்கு" என்று விம்மினான். மகுடேஸ்வரன், "நாஞ் சொன்னனுங்களா?" என்று எல்லாரையும் பார்த்தார்.

தவசிக்கும் நெஞ்சு லேசானது. ரிஜெக்ட் பேச்சு போய்விட்டது. இனி இரண்டு கையெழுத்துதான் பாக்கி.

அப்போது தாடிக்காரர் தரணியிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். மீசைக்காரர் தலையாட்டினார். தரணியின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது.

"என்னவாம்?"

"இந்தப் பனியனப் பாத்தா வெக்கமா இருக்குதாமுங்க. மலை எங்களதுன்னு எழுதி எழுதித்தான் இவ்வளவு தூரம் வந்துருச்சாம். யாருக்கும் வேண்டாமாம்."

"வேண்டாம்னா?"

"ரெண்டு ஆர்டரும் ஹோல்டுங்கண்ணா."

திருப்பூரில் கேன்சல் என்றால் சண்டை போடலாம், நஷ்டஈடு கேட்கலாம். ஹோல்டு என்பது பிணத்தை ஐஸ் பெட்டியில் வைப்பது. அழவும் முடியாது, எடுக்கவும் முடியாது. புரியாத எழுத்தில் மலை எங்களது என்று அச்சடித்த டி-சர்ட்டை வேறு யார் வாங்குவான்? ரிஜெக்ட் பனியன் விற்கிற காதர்பேட்டையில் எடைக்குக்கூட எடுக்க மாட்டார்கள்.

தவசி ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தான். பெட்டிகள் ஆளுயரத்துக்கு அடுக்கியிருந்தன. முத்துப்பேச்சி அவற்றின் மேல் ஒரு தாய்க்கோழி மாதிரி உட்கார்ந்து டேப் ஒட்டிக்கொண்டிருந்தாள். மேலே எல்லாரும் அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் இருந்தார்கள். உலகத்தில் சமாதானம் வந்துவிட்டது. அவனுக்கு வேலை போய்விட்டது.

"தரணி, நான் ஒண்ணு கேக்கேன். அவுகளுக்கு இங்கிலீஷ்ல சொல்லு. அந்த நோன்புக்கு எந்த நாளு சரியான நாளு? செவ்வாயா, புதனா?"

தரணி அவனை நிமிர்ந்து பார்த்தாள். புத்திசாலிப் பெண். "அண்ணா, வேண்டாங்கண்ணா."

"சும்மா தெரிஞ்சுக்கத்தான்."

"நீங்க சும்மா கேக்கலீங்க. நான் சொல்ல மாட்டேன்."

தவசி இலைகளுக்கு மேல் குனிந்து, இரண்டு சொம்புக்கும் நடுவில் தன் முகத்தை நீட்டினான். தனக்குத் தெரிந்த மொத்த இங்கிலீஷையும் திரட்டினான்.

"சார். ஒன் டவுட் சார். மகான் ஃபெஸ்டிவல். விச் டே கரெக்ட்? டியூஸ்டே? வெட்னெஸ்டே?"

பேத்தியைத் தாடிக்காரர் மடியிலிருந்து இறக்கிவிட்டார்.

"டியூஸ்டே" என்றார், மெதுவாக.

மீசைக்காரர் சிரித்தார். ஆனால் அது முந்தைய சிரிப்பில்லை. "வெட்னெஸ்டே" என்றார்.

தாடிக்காரர் தன் பாஷையில் பணிவாக ஏதோ விளக்கினார். மீசைக்காரர் அதைவிடப் பணிவாக மறுத்தார். இன்னொரு விளக்கம். இன்னொரு மறுப்பு. ஒரு விரல் எழுந்தது. அப்புறம் அம்மாக்கள் திரும்பி வந்தார்கள். இந்த முறை பாட்டிகளும் கூட வந்தார்கள். சொம்பு அதிர்ந்தது. சதீஷ்குமார் முனீஸின் இலையைப் பார்த்தான். கோழிக்காலைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாமா என்று யோசித்தது தெரிந்தது. அதற்குள் முனீஸ் அதைக் கடித்துவிட்டான்.

தாடிக்காரர் தரணியைப் பார்த்து இங்கிலீஷில் கத்தினார். சரக்கு இன்றைக்கே கிளம்ப வேண்டும், ஒரு பீஸ் குறையக் கூடாது, அந்தத் திருடனுடையதற்கு முன்னால் போய்ச் சேர வேண்டும். மீசைக்காரர் அதையே கத்தினார். இரண்டு போனும் ஒரே நேரத்தில் அணைந்தன.

அறையில் தேங்காய்ப்பால் வாசம் மட்டும் இருந்தது.

"நல்லாத்தானுங்களே பேசிட்டிருந்தாங்க," என்றார் மகுடேஸ்வரன். "நீங்க என்ன கேட்டீங்க தவசி?"

"நாள் கேட்டேங்க மொதலாளி."

"நாள் கேக்கறது தப்பில்லீங்களே" என்று அவர் குழம்பினார்.

அங்கே நாளைக்கு என்ன விழும், யார் தலையில் விழும் என்று தவசி நினைக்கவே இல்லை என்றால் அது பொய். நினைத்தான். இரண்டு பனியன் வியாபாரிகள் கொஞ்சிக்கொண்டதால் எந்தப் போரும் நின்றதில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அது உண்மையாகவும் இருக்கலாம். எப்படியோ, சொல்லிக்கொண்டான். கை கழுவிவிட்டுக் கீழே இறங்கினான்.

க்யூசிகள் இருவரும் ஃப்ளோரின் இரண்டு மூலைகளில் நின்று கையெழுத்துப் போட்டார்கள். அதற்குப் பிறகு முனீஸ் முன் கேட் வழியாகப் போக மாட்டேன் என்றான், சதீஷ்குமார் அதில் வந்தவனாம். திரையை ஆத்தப்பன் கழற்றிப்போட்டான். அப்படியும் தண்ணிக் கேனுக்கு வந்த நீலப் பக்கத்துப் பெண்கள் கோடு இருந்த இடத்தில் நின்று அனுமதி கேட்டார்கள். அனுசுயா கொஞ்சம் யோசித்துத்தான் கொடுத்தாள்.

முத்துப்பேச்சி டேப் ரோலும் கையுமாக வந்தாள். "சமாதானமாயிட்டாகன்னு சொன்னாக. பிறகு ஏன் சரக்கு போகுது?"

"பிறகு சண்டையாயிட்டாக."

"யாரு மூட்டிவிட்டது?"

தவசி குனிந்து பெட்டியைத் தூக்கினான். அவள் அவன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தான்.

"பாத்துத் தூக்குங்க, இடுப்புப் பிடிச்சுக்கிரும்" என்று சொல்லிவிட்டு மறுமுனையைப் பிடித்தாள்.

சாயந்தரம் இரண்டு லாரிகள் வந்தன. ஒன்று அவிநாசிபாளையத்து வண்டி, மற்றது பல்லடத்து வண்டி. ஆரஞ்சு ஒன்றில், நீலம் ஒன்றில். மகுடேஸ்வரன் சூடம் சுற்றித் தேங்காய் உடைத்தார், இரண்டுக்கும் ஒரே தேங்காய். எல்லாம் முடிந்தது என்று தவசி முதுகை நிமிர்த்தியபோது இரண்டு டிரைவர்களும் ஒரே நேரத்தில் வண்டியை எடுத்தார்கள். கேட்டில் ஒரு வண்டிதான் போகும். இரண்டின் மூக்கும் ஒன்றையொன்று இடித்து நின்றன. ஹாரன் காதைப் பிளந்தது.

"எடுய்யா பின்னால! எங்க நாட்டு லோடு மொதல்ல போகோணும்!" என்று ஆரஞ்சு லாரிக்காரன் கதவைத் திறந்து பாதி உடம்பை வெளியே தொங்கவிட்டுக் கத்தினான்.

"உங்க நாட்டுக்கு என்னய்யா மொதல்ல? ஆயிரம் வருசமா நாங்க பாத்துட்டுத்தான் இருக்கறம்!" என்றான் நீல லாரிக்காரன். லோடு ஏறுகிற நேரத்தில் யாரோ அவனுக்கு வரலாறு சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

தவசி இரண்டு பம்பருக்கும் நடுவில் போய் நின்று ஆரஞ்சு லாரிக்காரனை அண்ணாந்து பார்த்தான். "ஒங்க நாடு எதுய்யா?"

அவன் பின்னால் திரும்பிப் பெட்டிகளைப் பார்த்தான். எழுத்துகள் இருந்தன, ஆனால் அவனுக்குப் பிடிபடவில்லை.

"எதா இருந்தா உங்களுக்கென்னங்க?" என்றான். "வழிய உடச் சொல்லுங்க."

தவசி நீல லாரிக்காரனைப் பின்னால் எடுக்கச் சொல்லிக் கையைக் காட்டினான். அவன் எஞ்சினை அணைத்து, சாவியை உருவிப் பையில் போட்டுக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டான்.